கொடி காட்ட ஆளில்லாத ஸ்டேஷன்



சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? வடசென்னைப் பிள்ளைகள் என்றால், நான் சொல்வதற்கு முன்னாலேயே ஸ்டேஷன் பெயர்களை ஒப்பித்துவிடுவீர்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு...

அடுத்த முறை போகும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனையும் உற்றுப் பாருங்கள்.

சில ஸ்டேஷன்கள் பெரியவை. நிறையத் தடங்கள் இருக்கும். ஒரு பக்கம் சரக்கு ரயில் ஓய்வெடுக்கும். சில ஸ்டேஷன்கள் சின்னவை. இரண்டு நடைமேடை, மேலே ஒரு கூரை, ஒரு பெயர்ப் பலகை, ஒரு டிக்கெட் ஜன்னல். அவ்வளவுதான். வண்டி வரும், நிற்கும், ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போய்விடும். அங்கே யாரும் பச்சைக் கொடி காட்டுவதில்லை.

இப்போது ஒரு கேள்வி. ஒரு வண்டி போன சில நிமிடங்களில் அதே தடத்தில் இன்னொரு வண்டி வருகிறது. முன்னால் போன வண்டி நகர்ந்துவிட்டதா, இல்லை வழியிலேயே நிற்கிறதா? கொடி காட்ட ஆளில்லாத இடத்தில், பின்னால் வருகிற வண்டிக்கு இதை யார் சொல்வது?

இந்தக் கேள்வி உங்கள் மனதில் முன்பே எழுந்திருந்தால், சபாஷ்! எழாவிட்டாலும் பரவாயில்லை. இப்போது எழுந்துவிட்டதே, அது போதும். வாருங்கள், சேர்ந்து விடை தேடுவோம்.

ராயபுரத்திலிருந்து தொடங்குவோம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? நம் ராயபுரத்திலிருந்துதான்! 1856 ஜூலை 1-ஆம் தேதி அந்த வண்டி புறப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வாலாஜா ரோடு வரை போனது. அப்போது கட்டிய ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. பம்பாயிலும் கல்கத்தா பக்கத்திலும் அதற்கு முன்பே ரயில் ஓடியது. ஆனால் அங்கே முதலில் கட்டிய ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை. அதனால் இந்தியாவில் மிஞ்சி நிற்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் ராயபுரம்தான். உங்கள் ஊர்க் கட்டடம், பெருமைப்படுங்கள்.

அந்தக் காலத்து ஸ்டேஷன்களில் ஆட்கள் நிறைய வேண்டும். மணி அடிக்க ஒருவர். விளக்கில் எண்ணெய் ஊற்ற ஒருவர். கொடி காட்ட ஒருவர். கைகாட்டியை இயக்க ஒருவர்.

கைகாட்டி என்றால் என்ன என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார். உயரமான கம்பத்தில் ஒரு நீளமான கை இருக்கும். கை கிடையாக நீட்டியிருந்தால் 'நில்'. கீழே சாய்ந்தால் 'போ'. தூரத்தில் இருந்தபடி ஒரு நெம்புகோலை இழுத்தால், கம்பி வழியாக அந்தக் கை சாயும்.

அந்தக் கம்பி அறுந்துபோனால்? கையோடு இணைந்த ஒரு கனமான எடை, கையைத் தானாகவே கிடையாகத் திருப்பிவிடும். அதாவது 'நில்' என்று சொல்லிவிடும். இந்தச் சின்ன விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் பேசப்போவதன் உயிரே அதுதான்.

இரண்டு வகை ஸ்டேஷன்கள்

எல்லா ஸ்டேஷனும் ஒரே வேலையைச் செய்வதில்லை, பிள்ளைகளே.

முதல் வகைக்கு பிளாக் ஸ்டேஷன் என்று பெயர். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பார். அடுத்த ஸ்டேஷனோடு பேசி, தடம் காலியா என்று உறுதி செய்துகொண்டு, வண்டியை அனுப்புவார்.

இரண்டாம் வகை, பயணிகள் ஏறி இறங்க மட்டுமே ஆன சின்ன நிறுத்தம். வண்டிகளை அனுப்பும் பொறுப்பு அதற்குக் கிடையாது. இதை 'ஹால்ட்' என்பார்கள். நம் நாட்டுக் கிராமங்களில் இப்படி நிறைய உண்டு. பல ஹால்ட்டுகளில் ரயில்வே ஊழியர் ஒருவர்கூட இருக்கமாட்டார். அந்த ஊர்க்காரர் ஒருவரே டிக்கெட் விற்பார். விற்ற டிக்கெட்டுக்குத் தரகு வாங்கிக்கொள்வார். அவருக்கு ஹால்ட் ஏஜென்ட் என்று பெயர்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். திருவாரூர்–காரைக்குடி பாதையை அகலப்படுத்தி 2019-இல் பயணிகள் ரயில் விட்டபோது, வழியிலுள்ள ரயில்வே கேட்டுகளுக்குப் போதுமான ஆட்கள் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கேட்டை மூடித் திறப்பவர்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள்! கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கி கேட்டை மூடுவார். வண்டி தாண்டியதும் மறுபடி நிற்கும். கேட்டைத் திறந்துவிட்டு அவர்கள் வண்டியில் ஏறிக்கொள்வார்கள். பயணம் மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் ஆள் இல்லை என்பதற்காகப் பாதுகாப்பை விட்டுவிடவில்லை, பார்த்தீர்களா?

ஜப்பானில் ஒரு பூனை மாஸ்டர்

ஆளில்லாத ஸ்டேஷன் என்றால் ஜப்பானைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே சுமார் 9,500 ரயில் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதியில் ஊழியர் யாருமே கிடையாது! கிராமத்து இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பயணிகள் குறைந்தார்கள். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க ரயில் நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

அப்படியானால் டிக்கெட்? பல கிராமத்துப் பாதைகளில் ஓட்டுநர் ஒருவர் மட்டுமே வண்டியில் இருப்பார். பயணி ஏறும்போது கதவோரம் உள்ள பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட ஒரு சீட்டை எடுத்துக்கொள்வார். எந்த எண்ணுக்கு எவ்வளவு கட்டணம் என்று வண்டியின் முன்பக்கப் பலகை காட்டிக்கொண்டே வரும். இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் சீட்டையும் காசையும் போட்டுவிட்டு இறங்க வேண்டியதுதான்.

வாகாயாமா மாகாணத்தில் கிஷி என்ற சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. 2006-இல் அங்கிருந்து ஊழியர்களை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 2007-இல், ஒரு புதிய ஸ்டேஷன் மாஸ்டர் பதவியேற்றார். பெயர் தமா. தலையில் சின்னத் தொப்பி. நான்கு கால், ஒரு வால்! ஆமாம், தமா ஒரு பூனை. அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. நொடித்துக் கிடந்த அந்தப் பாதைக்குப் பயணிகள் பெருகினார்கள். 2015-இல் தமா இறந்தபோது நிறையப் பேர் கூடி அஞ்சலி செலுத்தினார்கள்.

ஆனால் யோசியுங்கள். தமாவுக்கு சிக்னல் போடத் தெரியுமா? தெரியாது. அப்புறம் அந்த வண்டிகள் ஒன்றோடு ஒன்று மோதாமல் பார்த்துக்கொண்டது யார்?

தண்டவாளமே சொல்லும்!

ரயில் சக்கரம் இரும்பு. தண்டவாளமும் இரும்பு. இரும்பின்மேல் இரும்பு உருளும்போது உராய்வு குறைவு. அதனால்தான் பெரிய சுமையையும் ரயில் எளிதாக இழுக்கிறது. ஆனால் அதே காரணத்தால் சட்டென்று நிற்க அதனால் முடியாது. வேகமாக ஓடும் எக்ஸ்பிரஸ் வண்டி நிற்பதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட ஓடிவிடும். முன்னால் நிற்கும் வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக் போட்டால் போதாது. முன்கூட்டியே தகவல் வேண்டும்.

அந்தத் தகவலைத் தண்டவாளமே தரும்படி செய்துவிட்டார்கள். எப்படி? மெதுவாகச் சொல்கிறேன், கவனியுங்கள்.

பாதையைப் பல பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே, மின்சாரம் கடத்தாத பொருளை வைத்துத் தண்டவாளத்தை இணைக்கிறார்கள்.

ஒரு பகுதியின் ஒரு முனையில், இரண்டு தண்டவாளங்களுக்கும் மிகச் சிறிய மின்சாரம் கொடுக்கிறார்கள். சில வோல்ட் மட்டுமே. அது இடது தண்டவாளம் வழியாகப் போகிறது. மறுமுனையில் ரிலே என்ற கருவிக்குள் நுழைகிறது. வலது தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது.

ரிலேயின் உள்ளே ஒரு கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகும். ஓர் இரும்புத் துண்டை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும். துண்டு மேலே இருந்தால் அந்தப் பகுதி காலி என்று பொருள்.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு முறை படியுங்கள். அவசரமே இல்லை.

இப்போது ரயில் வருகிறது. அதன் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரு தடித்த இரும்பு அச்சு இணைக்கிறது. மின்சாரத்துக்கு இது சுலபமான குறுக்கு வழி. "ரிலே வரைக்கும் எதற்குப் போகவேண்டும்? இப்படியே திரும்பிவிடலாமே" என்று, இடமிருந்து வலமாக அச்சு வழியாகவே பாய்ந்துவிடுகிறது. ரிலேக்குப் போதிய மின்சாரம் வரவில்லை. காந்தம் தளர்ந்தது. இரும்புத் துண்டு விழுந்தது. சிக்னல் சிவப்பு!

காசிமேட்டுக் கடற்கரையில் பறக்கும் பட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று தாங்கும் வரைக்கும் அது மேலே நிற்கும். காற்று நின்றால் தானாகவே கீழே இறங்கிவிடும். யாரும் போய் இறக்க வேண்டியதில்லை. ரிலேயின் இரும்புத் துண்டும் அப்படித்தான். மின்சாரம் என்ற காற்று இருந்தால்தான் அது மேலே நிற்கும்.

சரி, ரயிலே வரவில்லை. ஆனால் பேட்டரி தீர்ந்துவிட்டது. என்ன ஆகும்? பட்டம் விழும், சிவப்பு எரியும்.

கம்பி அறுந்தால்? சிவப்பு.

தண்டவாளம் முறிந்து இரண்டாகப் பிளந்தால்? மின்சாரத்தின் வழியே அறுந்துபோனது. அதற்கும் சிவப்பு!

கைகாட்டிக் கம்பி அறுந்தால் கை 'நில்' என்றதே, ஞாபகம் இருக்கிறதா? அதே அறிவுதான் இது. கருவி கெட்டுப்போகலாம். ஆனால் கெடும்போது 'போ' என்று பொய் சொல்லக் கூடாது. 'நில்' என்று சொல்லிவிட்டுக் கெட வேண்டும்.

அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் ராபின்சன் என்பவர் 1872-இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் செய்து பார்த்தது இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. ரயில் வந்தால்தான் அதில் மின்சாரம் பாயும், எச்சரிக்கை வரும். அதில் என்ன குறை? நீங்களே கொஞ்சம் யோசியுங்கள்.

கண்டுபிடித்தீர்களா? கம்பி அறுந்திருந்தால் ரயில் வந்தாலும் எச்சரிக்கை வராது! தடம் காலி என்று நம்பிப் பின்னால் வரும் வண்டி வந்துவிடும். ராபின்சன் இதை உணர்ந்து, எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார். அந்த மாற்றம்தான் உலகம் முழுவதும் ரயில்களைக் காக்கிறது.

ஒரு குறும்புக் கேள்வி

"சிவப்பு விளக்கே பீஸ் போய்விட்டால்?" என்று உங்களில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அருமையான கேள்வி! அதற்கும் விதி இருக்கிறது. எரிய வேண்டிய சிக்னல் இருண்டு கிடந்தால், ஓட்டுநர் அதைச் சிவப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரலாம். மின்சார ரயிலுக்கு மேலே உள்ள கம்பியில் 25,000 வோல்ட். அந்த மின்சாரம் மோட்டாரை ஓட்டிவிட்டுத் தண்டவாளம் வழியாகத்தானே திரும்புகிறது? ரிலே குழம்பிப் போகாதா?

குழம்பாது. ரயிலை ஓட்டுவது மாறுதிசை மின்சாரம். ஒரு நொடிக்கு 50 முறை அது போய்த் திரும்பும். நான் சொன்ன ரிலே ஒரே திசையில் பாயும் மின்சாரத்துக்கு மட்டும் அசையும்படி செய்தது. இன்னும் சில இடங்களில் வேறு அதிர்வெண் கொண்ட மின்சாரத்தைத் தண்டவாளத்தில் அனுப்புவார்கள். அந்த அதிர்வெண்ணுக்கு மட்டும் கருவி பதில் சொல்லும்.

நான்கு வகைச் செய்தி

ரிலே சொல்வதை விளக்குகள் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும். சென்னைப் புறநகர் ரயில்கள் ஓடும் பாதைகளில் தானியங்கி சிக்னல்களைப் பார்க்கலாம். கம்பத்தில் வெள்ளை வட்டம், அதில் கறுப்பில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். இந்த சிக்னலை மாற்றுவதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டாம். ஓடும் ரயிலே மாற்றிக்கொண்டு போகும்.

அடுத்த பகுதியில் வண்டி இருந்தால் சிவப்பு.

ஒரு பகுதி மட்டும் காலி என்றால் ஒற்றை மஞ்சள். அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகு என்று பொருள்.

இரண்டு பகுதி காலி என்றால் இரட்டை மஞ்சள்.

அதற்கும் மேல் காலி என்றால் பச்சை. தைரியமாகப் போகலாம்.

சரி, தானியங்கி சிக்னல் சிவப்பிலேயே நிற்கிறது. கேட்பதற்கு அங்கே ஆளில்லை. வண்டி நாள் முழுக்க நிற்குமா? இல்லை. பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் ஓட்டுநர் காத்திருப்பார். அப்புறம், முன்னால் தடை தெரிந்தால் உடனே நிறுத்தும்படி, மிக மெதுவாக நகர்வார்.

உப்புக் காற்றும் சக்கரக் கணக்கும்

இப்போது நம் வடசென்னைக்கே உரிய ஒரு சிக்கலைப் பார்ப்போம்.

எண்ணூரைத் தாண்டியதும் வண்டி கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தின் மேல் போகும், பார்த்திருப்பீர்கள். கிழக்கே கடல். கழிமுகத்தில் உவர்நீர். பக்கத்தில் உப்பளங்கள். காற்றிலேயே உப்பு.

தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. உப்பு கரைந்ததும் கதை மாறிவிடும். உப்பு நீரில் பிரிந்து, மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களாகிறது. அவற்றுக்கு அயனிகள் என்று பெயர். அவை மின்சாரத்தைச் சுமந்து செல்லும்.

தண்டவாளத்தைத் தாங்கும் ஜல்லிக் கற்கள் மழையில் ஊறி, அதில் உப்பும் சேறும் சேர்ந்தால் என்ன ஆகும்? இடது தண்டவாளத்திலிருந்து வலது தண்டவாளத்துக்கு மின்சாரம் ஈரத்தின் வழியாகக் கசியும். ரிலேக்குப் போதாமல் போகும். ரயிலே இல்லாமல் சிவப்பு விழும். வண்டி தாமதமாகும். உங்கள் அப்பா வேலைக்குப் போக நேரமாகும். ஆனால் ஆபத்து இல்லை.

துரு வேறு மாதிரி. அதிகம் வண்டி ஓடாத தடத்தில் தண்டவாளத்தின் மேல் துருப் படலம் படியும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அது திரையாக நிற்கும். மின்சாரம் சக்கரத்துக்குள் சரியாக நுழையாது. அப்போது ரயில் இருப்பது ரிலேக்குத் தெரியாமல் போகலாம். இது நிஜமான ஆபத்து.

அதற்காக வந்ததுதான் அச்சு எண்ணும் கருவி. தண்டவாளத்தின் பக்கவாட்டில் சின்னப் பெட்டியாக இருக்கும். அது ஒரு காந்தப்புலத்தை உருவாக்குகிறது. இரும்புச் சக்கரம் கடக்கும்போது அந்தப் புலம் மாறும். கருவி 'ஒன்று' என்று எண்ணும். பக்கத்தில் இன்னொரு உணரி இருப்பதால், சக்கரம் எந்தத் திசையில் போகிறது என்பதும் தெரிந்துவிடும். ஈரமோ துருவோ இந்த எண்ணிக்கையைக் குழப்பாது.

வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். நம் மின்சார ரயிலில் 12 பெட்டிகள். ஒரு பெட்டிக்கு 4 அச்சுகள். மொத்தம்?

48! கெட்டிக்காரர்கள்!

பகுதிக்குள் நுழையும்போது 48. வெளியேறும்போது 48. கணக்குச் சரி, தடம் காலி. வெளியேறியது 44 மட்டும்தான் என்றால்? ஒரு பெட்டி கழன்று உள்ளேயே நிற்கிறது! எண்ணிக்கை பொருந்தும் வரை சிக்னல் சிவப்பிலேயே இருக்கும்.

ஓட்டுநருக்கும் ஒரு காவல்

வெளியே எல்லாம் சரி. வண்டிக்குள்?

மின்சார ரயிலின் பின்முனையில் கார்டு இருக்கிறார். சின்ன ஸ்டேஷனில் எல்லோரும் ஏறி இறங்கியாயிற்றா என்று அவர் எட்டிப் பார்க்கிறார். பிறகு மணிப் பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறார். முன்முனையில் இருக்கும் மோட்டார்மேனுக்கு, அதாவது ஓட்டுநருக்கு, அது கேட்கும். இரண்டு மணி என்றால் 'கிளம்பு'. ஒரு மணி என்றால் 'நிறுத்து'. ஸ்டேஷனில் ஆளில்லாமல் இருக்கலாம், வண்டியில் ஆள் இருக்கிறார்!

மோட்டார்மேனுக்குத் திடீரென்று மயக்கம் வந்தால்? அவர் இயக்கும் கைப்பிடியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை தளர்ந்தால் பிரேக் தானாகப் பிடித்துவிடும்.

பிரேக்கும் அதே தத்துவம்தான். வண்டி நெடுக ஒரு குழாய். அதற்குள் அழுத்தமான காற்று. காற்று நிறைந்திருக்கும் வரை பிரேக் தளர்ந்திருக்கும். குழாய் உடைந்தாலோ பெட்டி கழன்றாலோ காற்று வெளியேறும். உடனே ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் இறுகும். எக்ஸ்பிரஸ் வண்டியில் அபாயச் சங்கிலியை இழுத்தாலும் இதுதான் நடக்கிறது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் இந்தத் தானியங்கி பிரேக்கை உருவாக்கியது எந்த ஆண்டு தெரியுமா? அதுவும் 1872! ராபின்சன் ரிலேயைத் தலைகீழாக மாற்றிய அதே ஆண்டு.

கண்ணும் காலும்

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் விபத்தே நடக்காதா? உங்களிடம் நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். நடக்கும். 2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு, இதே கும்மிடிப்பூண்டிப் பாதையில் கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து தர்பங்கா போன எக்ஸ்பிரஸ் வண்டி, பக்கத் தடத்தில் நின்ற சரக்கு ரயில்மீது மோதியது. பலர் காயமடைந்தார்கள்.

கருவிக்குத் தெரிவது அதற்குச் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான். தளர்ந்த ஆணியை ரிலே பார்க்காது. ஜல்லிக்கு அடியில் மண் அரித்துப்போனதை அச்சு எண்ணும் கருவி பார்க்காது. அதைப் பார்ப்பவர்கள் கீமேன்களும் டிராக்மேன்களும். கையில் கனமான சுத்தியலோடும் ஸ்பானரோடும், வெயிலிலும் மழையிலும், தினமும் தடத்தோடு நடந்து பிடிப்புகளைச் சரிபார்க்கிறார்கள். அடுத்த முறை ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தால், அன்போடு கையசையுங்கள். நம் பயணத்தைப் பத்திரமாக்குவது அவர்கள் நடக்கும் நடை.

செய்து பார்ப்போமா?

தேவையானவை: டார்ச் செல் இரண்டு, உள்ளே இழை தெரியும் பழைய வகை 2.5 வோல்ட் டார்ச் பல்பு இரண்டு, சமையலறை அலுமினியத் தாள், அட்டை, வயர், எவர்சில்வர் ஸ்பூன். வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. அலுமினியத் தாளை இரண்டு நீளப் பட்டைகளாக வெட்டி, அட்டைமேல் இணையாக ஒட்டுங்கள். அவைதான் தண்டவாளம்.

2. இரண்டு செல்களையும் வரிசையாக இணையுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து வரும் வயரை முதல் பல்பு வழியாக ஒரு பட்டைக்குக் கொடுங்கள். மறுமுனை வயரை அடுத்த பட்டைக்கு.

3. பட்டைகளின் தூர முனையில், இரண்டுக்கும் குறுக்கே இரண்டாவது பல்பை இணையுங்கள். இதுதான் நம் ரிலே. இரண்டு பல்புகளும் மங்கலாக எரியும்.

4. ஸ்பூனைப் பட்டைகளுக்குக் குறுக்கே வையுங்கள். ரயில் வந்துவிட்டது! தூரத்துப் பல்பு அணையும். முதல் பல்பு பளிச்சென்று எரியும்.

5. ஸ்பூனை எடுத்துவிட்டு, ஒரு பட்டையைக் கத்தரியுங்கள். தண்டவாளம் முறிந்தது! இப்போதும் தூரத்துப் பல்பு அணைந்துவிட்டதா? அதுதான் ராபின்சனின் அறிவு.

முதல் பல்பு எதற்கு என்று கேட்கிறீர்களா? ஸ்பூன் வைக்கும்போது அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்து செல் சூடாகாமல் அது காக்கிறது. உண்மையான பாதையிலும் இதே வேலைக்கு ஒரு மின்தடை வைத்திருப்பார்கள்.

இந்தச் சோதனையை டார்ச் செல்லில் மட்டும் செய்யுங்கள். வீட்டு பிளக்கைத் தொடவே கூடாது. உண்மையான தண்டவாளத்தின் பக்கம் போகவே கூடாது. ரயில் கம்பிக்கு அருகே பட்டமும் விடாதீர்கள். கம்பியில் சிக்கிய பட்டத்தை எடுக்கப் போகவே போகாதீர்கள். 25,000 வோல்ட் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும்.

வீட்டிலும் தேடுங்கள்

இந்த அறிவு ரயிலோடு முடியவில்லை. வீட்டு மின்பெட்டியில் இருக்கும் பியூஸ், மின்சாரம் மிகுந்தால் தான் உருகி வீட்டைக் காப்பாற்றுகிறது. அடுக்குமாடியின் லிப்டில் பிரேக்கைத் தளர்த்துவதற்குத்தான் மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பிரேக் பிடித்துக்கொள்ளும், லிப்ட் விழாது.

உங்களில் ஒருவர் நாளைக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்கு ஒரு பாரந்தூக்கியை வடிவமைக்கலாம். இன்னொருவர் மீன்பிடிப் படகுக்கு ஓர் எச்சரிக்கைக் கருவி செய்யலாம். அப்போது "இது எப்படி வேலை செய்யும்?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "இது கெட்டுப்போனால் என்ன ஆகும்?" என்றும் கேளுங்கள். அதற்கு நல்ல பதில் கிடைக்கும் வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.